மொய் நோட்டில் ஏறாத பரிசு

பாளையங்கோட்டை,
டிசம்பர் 5.

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல். மழைக்காலத்தில் அது வழக்கம்தானே.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கிறிஸ்துமஸ் பரிசுப் பட்டியல் வந்தது. "பார்த்துச் சொல்லுங்க பெரியம்மா, யாரையாவது விட்டுட்டேனா?" என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்பாய். நடுவில் ஆபீஸ் கால் வரும், பேச்சு அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஆற அமரப் படி.

முதலில் மெச்ச வேண்டியதை மெச்சிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கையில் நாலு காசு சேர்ந்ததும் அடுத்தவர்களுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்திருக்கிறாய். உன் வயதில் எல்லோருக்கும் அது தோன்றாது. மேனேஜர், டீம் லீடர், ரூமில் கூட இருக்கும் பிள்ளைகள், அத்தை, மாமாமார், அண்ணன், அண்ணி, ஆபீஸில் கிறிஸ் மாம் கிறிஸ் சைல்டு சீட்டில் உனக்கு விழுந்த பெயர் என்று ஒருவரையும் விடவில்லை. எதிரே விலையும் போட்டிருக்கிறாய். கூட்டிப் பார்த்தால் மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும் போலிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. என் கண் போய் நின்றது கடைசிக் கட்டத்தில். "போன வருஷம் இவங்க குடுத்தது" என்று தலைப்பு வைத்து ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் எழுதியிருக்கிறாயே, அதில். அண்ணி சேலை கொடுத்தாள், அதனால் அவளுக்குச் சேலை. அத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பா செட் கொடுத்தாள், அதனால் அவளுக்கு அந்த விலைக்குள் ஏதாவது. சின்ன மாமா ஒன்றும் கொடுக்கவில்லை, அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு.

மகளே, இது மொய் நோட்டு.

மொய்யைக் குறை சொல்ல நான் வரவில்லை. கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு ஒருவர் எழுத ஒருவர் எண்ண, அப்படி வந்த பணத்தில்தான் நம் குடும்பத்திலும் எத்தனையோ கல்யாணச் செலவு ஈடுகட்டியிருக்கிறது. பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து என்றே ஒன்று நடத்துகிறார்கள். ஆடி மாதத்தில் பல குடும்பங்கள் ஒரே பந்தலில் கறி விருந்து போட்டு, லட்சக்கணக்கில் மொய் வாங்கி, கடனை அடைப்பார்கள், கிணறு வெட்டுவார்கள், கடை வைப்பார்கள். பிறகு வருஷக்கணக்கில் ஒவ்வொருவர் விருந்துக்கும் போய், வாங்கியதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்வார்கள். பேங்க் கதவு திறக்காத காலத்தில் ஊரே பேங்காக இருந்த ஏற்பாடு அது. அதில் ஒரு நாணயம் உண்டு. ஆனால் அது கடன் என்று கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். கடனைக் கடன் என்று சொல்லிக் கொடுப்பதில் தப்பே இல்லை. அதைக் கலர் தாளில் சுற்றி, ஆண்டவர் பிறந்த நாள் பரிசு என்று பெயர் போடுவதுதான் எனக்கு இடிக்கிறது.

லூக்கா 14ஆம் அதிகாரத்தை எடுத்து ஒரு தடவை வாசி. விருந்து வைத்தால் சிநேகிதரையும் வசதியான அண்டை வீட்டாரையும் கூப்பிடாதே, அவர்கள் திருப்பிக் கூப்பிட்டு உன் கணக்கை நேராக்கிவிடுவார்கள் என்ற கருத்தில் ஆண்டவர் பேசுகிறார். திருப்பிச் செய்ய வழியில்லாதவர்களைத் தேடிக் கூப்பிடச் சொல்கிறார். இதை எங்கே வைத்துச் சொன்னார் தெரியுமா? பரிசேயரில் பெரிய மனிதர் ஒருவருடைய வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், விருந்து வைத்தவரின் முகத்துக்கு நேரே. வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வீட்டம்மா அடுப்படியிலிருந்து என்ன முணுமுணுத்தாளோ!

அப்படியானால் யாருக்குமே பரிசு வேண்டாமா என்று கேட்பாய். கொடு, நன்றாகக் கொடு. ஆனால் "இவர் எனக்கு என்ன கொடுத்தார்" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "எனக்கு எங்கிருந்தெல்லாம் கிடைத்தது" என்ற கேள்வியை அந்த இடத்தில் வை. நம் விசுவாசத்தின்படி கிறிஸ்துமஸில் முதலில் கொடுத்தவர் தேவன், முதலில் வாங்கியவர்கள் நாம். அதற்குப் பதில் மொய் செய்ய நம்மால் ஆகாது. ஆகவே நம்மால் செய்ய முடிந்த ஒரே காரியம், வாங்கியதை அடுத்த கைக்குக் கடத்துவது. திருப்பிக் கொடுக்க முடியாத கடனை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பதைத்தான் நம் சபையில் ஸ்தோத்திரம் என்கிறோம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். போதகர் ஐயர் இதை இன்னும் திருத்தமாகச் சொல்வார்.

கீழ்த்திசை சாஸ்திரிகளைப் பார். மத்தேயு அவர்களுடைய பெயரைச் சொல்லவில்லை. மூன்று பேர் என்றுகூடச் சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருந்ததால் நாம் நாடகத்தில் மூன்று பையன்களுக்குக் கிரீடம் வைத்துவிடுகிறோம். வந்தார்கள், பணிந்தார்கள், பெட்டியைத் திறந்து வைத்தார்கள், ஏரோதுக்குத் தெரியாமல் வேறு வழியாக ஊருக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். அந்த ராத்திரியோ அடுத்த ராத்திரியோ யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். தச்சன் வீட்டில் அந்நிய தேசத்துப் பயணத்துக்குக் காசு எங்கே இருந்திருக்கும்? அந்தப் பொன்தான் வழிச்செலவுக்கு ஆகியிருக்கும் என்பது என் யூகம். வேதத்தில் இல்லை, பெரியம்மாவின் யூகம். ஆனால் ஒன்று நிச்சயம், தாங்கள் கொடுத்தது எதற்கு உதவியது என்று அந்தச் சாஸ்திரிகளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

அப்படித் தெரியாமல் கொடுத்தவர்களால்தான் நம் திருநெல்வேலிச் சபையே நிற்கிறது. போன மே மாதம் உன்னை டோனாவூருக்குக் கூட்டிப்போனேனே, மலையடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில். அந்த ஊர்ப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 1820களில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் அங்கே சபை வைத்தபோது, ஆலயத்துக்குப் பணம் அனுப்பியவர் பிரஷ்யா தேசத்தில் டோனா என்ற ஒரு பிரபு. அவர் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். களக்காட்டு வாழைத்தோட்டத்தையும் அந்த மலையையும் அவர் எங்கே கண்டார்? பின்னால் அதே ஊரில் ஏமி கார்மைக்கேல் அம்மா 1901இல் தொடங்கி, போக்கிடம் இல்லாத பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார்கள். யாரிடமும் போய்ப் பணம் கேட்பதில்லை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. 1951இல் அங்கேயே அடக்கமானார்கள். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். பிரஷ்யாவிலிருந்து வந்த பணம் அந்தப் பிள்ளைகளுக்கு ஊராயிற்று என்று சொன்னால் மிகையில்லை.

இது ஏதோ வெள்ளைக்காரர்கள் கொடுத்து நாம் வாங்கின கதை என்றும் நினைத்துவிடாதே. உன் பாட்டி வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிளாரிந்தா ஆலயம் இருக்கிறது. அதைக் கட்டியவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மராட்டியப் பிராமண விதவை. 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வாங்கி, சொந்தப் பணத்தைப் போட்டு 1785இல் ஆலயத்தை எழுப்பினார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர் ஊருக்காகக் கிணறு வெட்டியதையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர் ஒதுக்கி வைத்த ஒரு பெண், அதே ஊருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அசரியா அத்தியட்சரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். வெள்ளாளன்விளைக்காரர், 1874இல் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கேயுள்ள தமிழ்ச் சபையார் தங்கள் செலவில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்து அவருக்கு வெட்கமாகிப் போயிற்று. நூறு வருஷமாக வாங்கிக்கொண்டே இருக்கிற நம் சபை யாருக்கு என்ன கொடுத்தது என்று கேட்டார். அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அதன் ஏற்பாடு. தெலுங்கு தேசத்தில் டோர்னக்கல் பக்கம் ஊழியம் தொடங்கியது. அவர் அங்கேயே 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சரானார். காணிக்கை கொடுப்பதைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதியவர் அவர். வாங்கினவன் கொடுக்கிறவனாக மாறாவிட்டால் வாங்கியது செரிக்காது என்பதை அவரைப் போல அழுத்திச் சொன்னவர்கள் குறைவு.

அந்தப் பணம் எல்லாம் பணக்காரர்களிடமிருந்து வரவில்லை. எங்கள் அம்மா, அதாவது உன் பாட்டி, உலை வைத்ததும் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவாள். கழுவப் போகும் முன் அதிலிருந்து ஒரு கை அள்ளி, அடுப்பங்கரை மாடத்தில் இருக்கும் பித்தளைச் செம்பில் போடுவாள். வீட்டில் அரிசி தட்டுப்பாடாக இருந்த நாட்களிலும் போட்டாள். கை மட்டும் கொஞ்சம் சிறுத்துப் போகும், அவ்வளவே. சனிக்கிழமை செம்பைத் தட்டிப் பையில் கட்டி, ஞாயிறு காலையில் கோயிலில் கொண்டு போய்க் கொட்டுவோம். ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒவ்வொரு நிறம், புழுங்கலும் பச்சையும் சிவப்புச் சம்பாவும் ரேஷனும் கலந்து ஒரு குவியல். கைப்பிடி அரிசி என்பது அதுதான். அது டிசம்பர் மாதத்துக் காரியம் இல்லை, வருஷம் முழுக்க ஒவ்வொரு உலைக்கும். இதை வேலை மெனக்கெட்டுச் சொல்வதற்குக் காரணம், உன் பட்டியலில் உள்ள எல்லாச் செலவும் டிசம்பர் 24க்குள் முடிந்துவிடுகிறது. ஜனவரிக்கு ஒன்றும் இல்லை.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் பார்த்த நர்ஸ் வேலையில் கிறிஸ்துமஸ் டியூட்டி யாருக்கும் பிடிக்காது, ஆனால் யாராவது பார்க்கத்தான் வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் வார்டுக்கு வருகிற பரிசுகளைப் பார்த்தால் ஒரு ஊரின் குணமே தெரிந்துவிடும். கேரல் பாட வாலிபர் கூட்டம் வரும். மெழுகுவர்த்தி, கிட்டார், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் எல்லாம் இருக்கும். ராத்திரி பத்தரைக்கு ஆபரேஷன் முடித்துக் கண்ணயர்ந்தவர்களை எழுப்பி, கையில் ஒரு பன்னும் ஆரஞ்சும் வைத்து, வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போவார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் சர்க்கரை நோயாளிக்குக் கேக் துண்டு, வாயைத் திறக்கக் கூடாதவருக்குப் பன். கொடுத்தவர்கள் போனதும் அதை எடுத்து வைப்பது எங்கள் வேலை.

நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் அப்படித்தான். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் எல்லாம் கட்டில் அடியில் சேர்ந்துகொண்டே போகும். கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ ஒருவரும் ஒன்றும் கொண்டு வரமாட்டார்கள். அவளுக்கு நோய் இல்லையே! ஆனால் அவள் நாலு நாளாகத் தலை குளித்திருக்க மாட்டாள், ஒரே சேலையைத் திரும்பத் திரும்பத் துவைத்துக் காயப்போடக் கொடி தேடியிருப்பாள், பாத்ரூம் வரிசையில் நின்று வருவதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிடுமோ என்று பயந்திருப்பாள். போன் சார்ஜ் போட இடம் இல்லாமல் நர்ஸ் மேசைப் பக்கம் வந்து தயங்கி நிற்பாள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் வயதான அம்மா ஒருத்தி வார்டுக்கு வந்தாள். யாருக்கும் சொந்தம் இல்லை, பக்கத்துத் தெருக்காரியாம். கட்டிலில் கிடந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே புது நைட்டி, துண்டு, ஒரு சோப்பு, தேங்காய் எண்ணெய்ப் பாட்டில். "வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வா தாயி. சாயந்திரம் வரைக்கும் நான் இருக்கேன். சிஸ்டர்கிட்ட எல்லாம் கேட்டுக்கிறேன்" என்றாள். அந்த மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள், ஓட்டம் என்றே சொல்லலாம்.

நான் பார்த்த கிறிஸ்துமஸ் பரிசுகளில் அதற்கு மேலானது ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. விலை போட்டுப் பார்த்தால் உன் டீம் லீடருக்கு நீ குறித்திருக்கும் சென்ட் பாட்டிலில் பாதி வராது. எதனால் அது மேலானது? அவள் பார்த்திருந்தாள். தேவை எங்கே இருக்கிறது என்று கண் போயிருந்தது. பொருளோடு தன் மத்தியானத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். ஊழியம் ஊழியம் என்று பெரிய வார்த்தையாகப் பேசுகிறோமே, நான் கண்ட அளவில் ஊழியம் என்பது பெரும்பாலும் இப்படி ஒரு மத்தியானம்தான்.

பார்க்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004 டிசம்பர் 26க்குப் பிந்தைய நாட்களே சாட்சி. சுனாமி வந்த கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் மழையில் நனைந்து மலையாகக் கிடந்ததைப் பேப்பரில் படம் போட்டார்கள். எல்லாம் இழந்தவர்கள் அதை எடுக்க மறுத்தார்கள். பீரோவைக் காலி பண்ணுகிறதும் கொடுக்கிறதும் ஒன்றல்ல. 2023 டிசம்பரில் நம் பக்கம் வெள்ளம் வந்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து, ஊர்க் கோயிலில் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். அவர்களுக்கும் கடைத்தெரு இல்லை, கரண்டு இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது அது. நம் சபைக்குச் சொல்லிக் கொடுக்க அம்மன் கோயில், பெருமாள் கோயில் ஆட்கள் வந்தால் கற்றுக்கொள்வதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் வாலிபர் ஐக்கியம் 24ஆம் தேதி ஒரு பிள்ளைகள் ஹோமுக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆக்‌ஷன் சாங் பாட வைத்து, கேக்கைக் கையில் கொடுக்கும்போது போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் போடுகிறார்களே, அதைச் செய்யாதே. உன் முகத்தை யாராவது இல்லாதவள் என்று எழுதி ஊருக்குக் காட்டினால் உனக்கு எப்படி இருக்கும்? டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கூட்டம் வரும். பிள்ளைகள் சாப்பிட்ட வயிற்றோடு மறுபடி கேக் வெட்டக் கைதட்டும். பிப்ரவரியில் போ. பரீட்சை நேரம், கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது, ஜியாமெட்ரி பாக்ஸ் இருக்காது. வார்டனிடம் முன்கூட்டியே போன் போட்டு என்ன தேவை என்று கேள். "உங்க இஷ்டம்" என்று சொன்னால் இன்னொரு தரம் கேள். பெரும்பாலும் நாப்கின், தலையணை உறை, டியூப் லைட் என்று எதையாவது தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வா.

நாளைக்கு டிசம்பர் 6, நிக்கொலா பரிசுத்தவானின் நாள். நம் சபையில் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வேர் அவர்தான். இன்றைக்குத் துருக்கி என்கிற தேசத்தில் மீரா பட்டணத்து அத்தியட்சர். மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரதட்சணைக்கு வழியில்லாமல் ஒரு தகப்பன் தவித்ததைக் கேட்டு, ராத்திரியில் ஜன்னல் வழியாகப் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது கதை. மூன்றாம் தடவை அந்தத் தகப்பன் விழித்திருந்து ஓடிப்போய்ப் பிடித்துவிட்டானாம். நிக்கொலா அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று, யாரிடமும் சொல்லாதே என்பது. அதனால் உங்கள் கிறிஸ் மாம் விளையாட்டு எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. கடைசி நாள் வரை யார் கொடுத்தது என்று தெரியக் கூடாது அல்லவா? உனக்கு விழுந்த பையன் நைட் ஷிப்ட் என்றாய். ஐந்நூறு ரூபாய்க்குக் கீ செயினும் கப்பும் வேண்டாம். ராத்திரி சாப்பாட்டைச் சூடாக வைக்கிற டப்பா ஒன்று வாங்கு.

மேனேஜருக்கு விலை உயர்ந்ததாக ஒன்றும் வேண்டாம். பலகாரப் பொட்டலம் போதும். மேலே இருப்பவருக்குப் பெரிய பரிசு போனால், கொடுத்தவர் மனதில் என்ன இருந்தாலும் பார்ப்பவர்கள் கண்ணில் அது வேறு மாதிரிதான் படும். அந்தப் பணத்தை எடுத்து, உன் பட்டியலில் இல்லாதவர்களுக்கு வை. யாரையாவது விட்டுவிட்டேனா என்று கேட்டாயே, விட்டிருக்கிறாய். ஹாஸ்டலில் தினம் பாத்ரூம் கழுவுகிற அக்காவின் பெயர் உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள், பரிசு அப்புறம். ராத்திரி வாட்ச்மேன், மெஸ்ஸில் தோசை ஊற்றுகிறவர், கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை நான்கு மணி ஆராதனைக்கு மூன்றரைக்கே வந்து மணி அடிக்கிற கோயில்குட்டி. இவர்களுக்குக் கொடுப்பதை உதவி என்று நினைக்காதே. ஒரு வருஷம் அவர்கள் உனக்குச் செய்ததற்கு நன்றி, அவ்வளவுதான். மீந்து போனதையும் பழையதையும் கொடுக்காதே. அண்ணிக்கு எந்தக் கடையில் சேலை எடுக்கிறாயோ அதே கடையில் அந்த அக்காவுக்கும் எடு. பில்லையும் கூடக் கொடு, நிறம் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளட்டும். சின்ன மாமா பெயருக்கு எதிரே இருக்கும் கோட்டை அழி. அவருக்கு ஒரு வருஷமாகச் சரியான வேலை இல்லை, அதை நீ அறியமாட்டாய்.

கிரெடிட் கார்டில் எதுவும் வாங்காதே. இதற்கு விளக்கம் தேவையில்லை.

வாங்கிக்கொள்ளவும் கற்றுக்கொள்ள வேண்டும், அது கொடுப்பதை விடக் கஷ்டம். நம் அறுப்பின் பண்டிகையில் பார்த்திருப்பாயே, ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஏலம் எடுத்துக் கோயிலே சிரிக்கும். அந்தக் கட்டைக் கொண்டு வந்து வைத்த பாட்டியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். தன் வீட்டு மரத்தில் காய்த்தது அத்தனை பேர் கையில் ஏறி இறங்குகிறதே என்று அவளுக்குப் பெருமை தாங்காது. அந்தப் பாத்ரூம் கழுவுகிற அக்கா பதிலுக்கு உனக்கு ஒரு பொட்டலம் மிக்சர் கொண்டு வந்தால், "ஐயோ எதுக்குக்கா" என்று மறுக்காதே, உடனே பர்ஸைத் திறக்கவும் செய்யாதே. அவள் கண் முன்னாலேயே பிரித்துச் சாப்பிடு. எதிர் வீட்டு ஆயிஷா அக்கா பெருநாளுக்குப் பிரியாணி அனுப்பிய பாத்திரத்தை நாம் வெறும் பாத்திரமாகத் திருப்புவதில்லை, ஒரு கை சீனியாவது போட்டு அனுப்புவோம். அதுவும் மொய்தானே என்று மடக்காதே. ஒரு கை சீனிக்கு யாரும் நோட்டுப் போடுவதில்லை.

முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்தாகிவிட்டது. அச்சுமுறுக்குக்கு இந்த வருஷம் உன் அம்மா வந்து கை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நெல்லை எக்ஸ்பிரஸில் 22ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாயா, இல்லை வெயிட்டிங் லிஸ்ட்தானா? தெரியப்படுத்து, பெரியப்பாவுக்குத் தெரிந்தவரிடம் பஸ் டிக்கெட்டாவது சொல்லி வைக்கிறோம்.

இன்னொரு காரியம். பின் வீட்டு வாத்தியார் சாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கிறிஸ்துமஸ் மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருக்கு முறை. அவர் மனைவி ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஒரு தடவைகூடத் தன் தங்கை வீட்டுக்குப் போனதில்லை. நீ வருவதால், அன்றைக்கு நீயே சாரோடு போய் முடியும்வரை இருப்பாய் என்று நான் அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுதான். நாலு மணி நேரம் ஆகும், உள்ளே ஏசி அதிகம், ஒரு சால்வை எடுத்துக்கொள். ஆட்டோவுக்கு ஐந்தரைக்கே சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா